வெளிநாட்டுல முதல் இன்டர்ன்ஷிப்: ஆஃபர் லெட்டர்ல எழுதாத விஷயத்தையும் சேர்த்து

வெளிநாட்டுல படிக்க வந்து முதல் செமஸ்டர் முடியறப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது, ஒரு வாரம் நான் ரூமை விட்டு வெளிய வரலைன்னா யாருக்கும் தெரியாது. கிளாஸ்ல நூறு பேருக்கு மேல, அட்டெண்டன்ஸ் கிடையாது, லெக்சர் ரெக்கார்டிங் வந்துரும், அசைன்மெண்ட் ஆன்லைன்லயே போட்டுரலாம். யாரும் தப்பா நடத்தல, எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் பேசுனாங்க, ஆனா நான் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லைன்னாலும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு.

அதுக்கு அடுத்த வருஷம் கழிவுநீர் டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல இன்டர்ன்ஷிப் கிடைச்சுது. மூணாவது வாரம் ஒரு புதன்கிழமை காய்ச்சல்னு லீவ் போட்டேன். மறுநாள் போனதும் சீனியர் டெக்னீஷியன் ஒருத்தங்க "நேத்து உன் பாட்டில் எல்லாம் நான்தான் ரீடிங் எடுத்தேன், ஒரு லேபிள்ல நீ எழுதுனது 1ஆ 7ஆன்னே தெரியல, வந்து பாரு"ன்னு கொஞ்சம் கடுப்பாத்தான் சொன்னாங்க. திட்டு வாங்கிட்டு யாராவது சந்தோஷப்படுவாங்களா, நான் பட்டேன். நான் வரலைன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, என்னோட கையெழுத்தால ஒருத்தர் வேலை நின்னிருக்கு.

இன்டர்ன்ஷிப் பத்தி ரெஸ்யூமே, இன்டர்வ்யூ, சம்பளம்னு ஆயிரம் பேர் சொல்லுவாங்க. நானும் அதெல்லாம் சொல்லத்தான் போறேன், ஆனா எல்லாத்தையும் ஒரே கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு படிங்க: நான் ஒரு நாள் வரலைன்னா அங்க யாரோட வேலை நிக்கும்?

1. ரெஸ்யூமேவை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல விசா

இது போரான விஷயம், ஆனா இதுல கோட்டை விட்டா மத்த எதுவும் உதவாது, அடிமடியிலயே கை வச்ச கதையாயிடும். ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேற.

அமெரிக்காவுல எஃப்-1 ஸ்டூடன்ட் விசான்னா (நான் இருந்தது இதுல) வெளிய ஒரு கம்பெனில இன்டர்ன்ஷிப் பண்ண பெரும்பாலும் சிபிடி, அதாவது படிப்போட பாகமா வெளிய வேலை பாக்கற அனுமதி, வேணும். அதுக்குப் பொதுவா ஒரு முழு அகாடமிக் வருஷம் ஃபுல் டைமா படிச்சிருக்கணும், சேந்த உடனே ப்ராக்டிக்கல் ட்ரெயினிங் கட்டாயம்னு இருக்கற சில மாஸ்டர்ஸ், பிஹெச்டி கோர்ஸுக்கு மட்டும் விலக்கு. வேலை உங்க படிப்போட பாகமா இருக்கணும், அதனால நிறைய இடத்துல அதுக்குன்னு ஒரு கோர்ஸ் ரெஜிஸ்டர் பண்ணச் சொல்லுவாங்க. யுனிவர்சிட்டில வெளிநாட்டு ஸ்டூடன்ட் விசா விஷயத்தைப் பாக்கற டிஎஸ்ஓங்கற அதிகாரி அப்ரூவ் பண்ணி புது ஐ-20 (உங்க ஸ்டூடன்ட் ஸ்டேட்டஸுக்கான சான்று) குடுப்பாரு, அதுல எந்த கம்பெனி, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், பார்ட் டைமா ஃபுல் டைமான்னு இருக்கும். அந்த ஐ-20 கைக்கு வந்து, அதுல இருக்கற தேதியும் வந்தப்புறம்தான் வேலைல கையே வைக்கலாம், "சும்மா ட்ரெயினிங்தான், ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்க"ன்னு கம்பெனி கூப்பிட்டாலும் போகக் கூடாது. வாரம் 20 மணி நேரம் வரைக்கும் பார்ட் டைம், அதுக்கு மேல ஃபுல் டைம். ஃபுல் டைம் சிபிடி 12 மாசம் ஆயிடுச்சுன்னா அந்த லெவல் படிப்புக்கு ஓபிடி (பொதுவா படிப்பு முடிஞ்சப்புறம் வேலை பாக்கற அனுமதி) போயிடும், சம்மர்ல மூணு மாசம் போறவங்க இதுக்கு பயப்பட வேண்டாம்.

இங்கிலாந்துல டிகிரி லெவல் ஸ்டூடன்ட் விசால டெர்ம் நடக்கறப்ப வாரம் 20 மணி நேரம். ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி சரியா வந்துருச்சேன்னு கணக்கு சொல்ல முடியாது, ஒவ்வொரு வாரமும் தனித்தனிதான். மாஸ்டர்ஸ் பசங்க ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு: சம்மர் லீவுதானேன்னு ஃபுல் டைம் போயிடுவாங்க, ஆனா டிசர்டேஷன் எழுதற அந்த மாசங்கள் பொதுவா டெர்ம்லதான் சேரும். கோர்ஸோட பாகமா வர்ற பிளேஸ்மெண்டுக்கு ரூல் வேற, அதை யுனிவர்சிட்டிலயே கேட்டுக்கோங்க.

ஆஸ்திரேலியால 2023 ஜூலை 1லேர்ந்து ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், கோர்ஸ்ல கட்டாயம்னு பதிவாயிருக்கற பிளேஸ்மெண்ட் இந்தக் கணக்குல வராது. கனடாவுல 2024 நவம்பர் 8லேர்ந்து கேம்பஸுக்கு வெளிய வாரம் 24 மணி நேரம். ஜெர்மனில 2024 மார்ச்லேர்ந்து வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள், கோர்ஸ்ல கட்டாயமா இருக்கற இன்டர்ன்ஷிப் இதுல சேராது, ஆனா அந்த கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு மினிமம் வேஜும் கிடையாது. நாமளா விருப்பப்பட்டுப் போறது மூணு மாசத்தைத் தாண்டுனா மினிமம் வேஜ் உண்டு.

இந்த நம்பரெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். சீனியர் சொன்னான், ரூம்மேட் சொன்னான்னு இறங்காதீங்க, உங்க யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல மெயில்லயே கேட்டு பதிலை எடுத்து வச்சுக்கோங்க. சம்பளமே வாங்கல, அப்புறம் எதுக்கு பர்மிஷன்னு சிலர் நினைக்கறாங்க, அது ரொம்ப ஆபத்தான நினைப்பு, சம்பளம் இல்லாத வேலையும் பல நாட்டுல வேலைதான்.

2. எந்த மாதிரி இடத்துக்கு அப்ளை பண்றது

எல்லாரும் பெரிய பேரு இருக்கற கம்பெனிக்குத்தான் முதல்ல போடுவோம், நானும் போட்டேன், எண்பதுக்கு மேல போட்டு மூணு இடத்துலேர்ந்துதான் பதிலே வந்துச்சு, மூணுமே "வருந்துகிறோம்". பெரிய கம்பெனி வேண்டாம்னு சொல்லல, கிடைச்சா போங்க. ஆனா சின்ன டீம், சின்ன லேப், ப்ரொஃபசருக்குத் தெரிஞ்ச ஆபீஸ், முனிசிபல் டிபார்ட்மெண்ட், லாப நோக்கமில்லாத அமைப்பு, இதையெல்லாம் கேவலமா நினைச்சு தள்ளி வைக்காதீங்க. பத்து பேர் இருக்கற இடத்துல பதினோராவது ஆளா போனா உங்களுக்குன்னு ஒரு வேலை விழுந்தே தீரும், ஏன்னா அங்க ஆளு பத்தாது. ஐநூறு இன்டர்ன் எடுக்கற இடத்துல உங்களுக்கு டீ-ஷர்ட் கிடைக்கும், பை கிடைக்கும், ப்ராஜெக்ட் சில சமயம் நீங்க போனதும் யாரும் திரும்பிப் பாக்காத ப்ராஜெக்டா இருக்கும். எல்லா பெரிய இடமும் அப்படின்னு இல்ல.

இன்டர்வ்யூ முடியறப்ப "ஏதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்கல்ல, அப்ப நான் இப்ப எல்லா ஜூனியருக்கும் சொல்லிக் குடுக்கறது ரெண்டே கேள்வி. ஒண்ணு, போன தடவை இருந்த இன்டர்ன் செஞ்சது இப்ப என்ன ஆச்சு, யாராவது யூஸ் பண்றாங்களா. ரெண்டு, நான் தினமும் யார்கிட்ட பேசுவேன். இதுக்கு பதில் ஒரு பேரோட வந்தா நல்ல சகுனம். "அது டைனமிக்கா இருக்கும்"னு வந்தா கொஞ்சம் யோசிங்க.

3. மெயில் அனுப்பறது

போர்ட்டல்ல போடறதோட நிறுத்தாதீங்க. கேம்பஸ் கரியர் சென்டர், ஹேண்ட்ஷேக்ங்கற ஸ்டூடன்ட் வேலை சைட், லிங்க்ட்இன் எல்லாம் இருக்கட்டும், எனக்கு வேலை கிடைச்சது ஒரு மெயில்லதான். அந்த மெயில்ல நாலு விஷயம்தான் இருந்துச்சு: நான் யாரு, என்ன படிக்கறேன், உங்க லேப் பண்ற வேலைல எனக்குப் புரிஞ்ச ஒரு குறிப்பான விஷயம், இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் நான் ஃப்ரீ. கடைசில "வேலை இருக்கா"ன்னு கேக்காம "15 நிமிஷம் பேச முடியுமா"ன்னு கேட்டேன். வேலை இருக்கான்னு கேட்டா இல்லன்னு ஒரு வார்த்தைல முடிச்சுருவாங்க, பேச முடியுமான்னா பாவம் ஸ்டூடன்ட்தானேன்னு பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

மூணாவது விஷயம்தான் எல்லாரும் விடறது. "உங்கள் நிறுவனத்தின் சிறப்பான பணிகளால் ஈர்க்கப்பட்டு"ங்கற டைப் வரியை யாரும் படிக்கறதில்ல. அவங்க வெப்சைட்ல இருந்த ஒரு ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு, இந்த மூணு மாசத்துல மட்டும் நம்பர் ஏறியிருக்கே, மழைக்காலம்கறதாலயான்னு கேட்டேன், அவ்வளவுதான். அது தப்பான ஊகம்னு பின்னாடி தெரிஞ்சுது. இருந்தாலும் படிச்சிருக்கான்னு தெரிஞ்சிருச்சு இல்ல.

பதில் வரலைன்னா ஒரு வாரம் பத்து நாள் விட்டு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேண்டாம்.

4. அந்த ஸ்பான்சர்ஷிப் கேள்வி

அப்ளிகேஷன்ல ரெண்டு கேள்வி வரும், இந்த நாட்டுல வேலை பாக்க அனுமதி இருக்கா, இப்பவோ பின்னாடியோ ஸ்பான்சர்ஷிப் (கம்பெனியே உங்களுக்கு வேலை விசாவுக்கு அப்ளை பண்றது) தேவைப்படுமா. பயந்துக்கிட்டு பொய் சொல்லாதீங்க, பின்னாடி மாட்டும். பின்னாடி தேவைப்படும்னா ஆமான்னுதான் போடணும். ஆனா பேசற வாய்ப்பு கிடைச்சா தெளிவா ஒரு வரி சொல்லுங்க: சிபிடிக்கு கம்பெனி எந்தக் கட்டணமும் கட்ட வேண்டாம், குடியேற்றத் துறைக்கு எதுவும் அப்ளை பண்ண வேண்டாம், தேதி, மணி நேரம், வேலை விவரம், முகவரி இருக்கற ஒரு லெட்டர் போதும்னு. சின்ன கம்பெனிங்க பல பேர் வெளிநாட்டு ஸ்டூடன்ட்னாலே வக்கீல் செலவுன்னு நினைச்சு ஒதுங்கறாங்க, அவங்களுக்கு விஷயம் தெரியாது, நாமதான் சொல்லணும்.

இதோட ஒண்ணு, ஆஃபர் குடுத்துட்டு பணம் கேட்டாலோ, செக் அனுப்பி "இதை பேங்க்ல போட்டு சாமான் வாங்கிக்கோங்க"ன்னு சொன்னாலோ, மெசேஜ்லயே இன்டர்வ்யூ முடிச்சாலோ அது மோசடி. வெளியூர்ல தனியா இருக்கறவன் அவசரத்துல இருப்பான்னு அவங்களுக்குத் தெரியும்.

5. முதல் நாளுக்கு முன்னாடி பேப்பர் வேலை

சுருக்கமா சொல்றேன். அமெரிக்கான்னா ஐ-9 ஃபார்ம் (வேலை பாக்க அனுமதி இருக்குன்னு காட்டறது), உங்க பாகத்தை முதல் நாளுக்குள்ள முடிக்கணும், கம்பெனி அவங்க பாகத்தை மூணு வேலை நாளுக்குள்ள, பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு), ஐ-20 மூணும் கைல இருக்கட்டும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவங்க வேலை ஆரம்பிக்க 30 நாளுக்கு முன்னாடிலேர்ந்து அப்ளை பண்ணலாம், நம்பர் வர்றதுக்குள்ள வேலை ஆரம்பிக்கலாம், தப்பில்ல. முதல் பே ஸ்லிப்பை கண்டிப்பா பாருங்க. எஃப்-1ல வந்து முதல் அஞ்சு காலண்டர் வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு பொதுவா சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதமும் மெடிகேர் 1.45 சதவீதமும் சம்பளத்துல வரியா பிடிக்கக் கூடாது, பல பேரோல்ல தெரியாம பிடிச்சுருவாங்க, எனக்கும் பிடிச்சாங்க. ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டேன், அடுத்த மாசம் திரும்ப வந்துருச்சு. வருமானமே இல்லைன்னாலும் வரித் துறைக்கு 8843 ஃபார்ம் போடணும், அதை மறந்துராதீங்க.

6. முதல் ரெண்டு வாரம், இதுதான் கஷ்டம்

லாகின் வந்திருக்காது. வேலை குடுக்க வேண்டியவங்க லீவுல இருப்பாங்க. "இதைப் படிச்சுக்கிட்டு இருங்க"ன்னு ஒரு பிடிஎஃப் குடுத்துட்டுப் போயிருவாங்க, அம்போன்னு உக்காந்திருப்பீங்க, நம்மளை எதுக்கு எடுத்தாங்கன்னு தோணும். எல்லாருக்கும் தோணும், உள்ளூர் பசங்களுக்கும்தான், ஆனா அவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போய் புலம்பிருவாங்க, நமக்கு வீடு வேற டைம் ஸோன்ல தூங்கிக்கிட்டு இருக்கும்.

மீட்டிங்ல ஜோக் சொல்லுவாங்க. எல்லாரும் சிரிச்சு அரை செகண்ட் கழிச்சு நானும் சிரிப்பேன், என்னத்துக்குன்னே தெரியாது. ஒரு மாசம் இப்படியே ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் பக்கத்துல இருந்தவர்கிட்ட மெதுவா "எனக்குப் புரியல, என்ன அது"ன்னு கேட்டேன், அவர் விளக்கிட்டு "உண்மையைச் சொன்னா அது அவ்ளோ நல்ல ஜோக் இல்ல"ன்னாரு. அதுக்கு ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம், அதான் அந்த ஆபீஸ்ல நான் உண்மையா சிரிச்ச முதல் சிரிப்பு.

பேரு விஷயம். உங்க பேரை அவங்க கடிச்சுத் துப்பினா முதல் நாளே திருத்துங்க, ரெண்டா மூணா உடைச்சு மெதுவா சொல்லிக் குடுங்க, மெயில் கையெழுத்துலயும் உச்சரிப்பைப் போட்டு வைங்க. மூணாவது மாசம் திருத்துனா ரெண்டு பக்கமும் சங்கடம். சுருக்கிக் கூப்பிடறது உங்களுக்குப் பிடிச்சா சரி, பிடிக்கலைன்னா "பரவால்ல எப்படி வேணா கூப்பிடுங்க"ன்னு சொல்லாதீங்க, நான் சொல்லிட்டு மூணு மாசம் வேற யாரோ மாதிரி வேலை பாத்தேன்.

சந்தேகம் கேக்கறதுக்கு ஒரு முறை வச்சுக்கோங்க. அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்க, அப்புறம் போய் "இதை ட்ரை பண்ணேன், இது ஆச்சு, இதுக்கு மேல தெரியல"ன்னு கேளுங்க. உடனே ஓடுனாலும் கஷ்டம், ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லாம உக்காந்திருந்தா அது அதைவிடக் கஷ்டம். நம்மள்ல நிறைய பேர் ரெண்டாவது ரகம், கேட்டா தெரியாதவன்னு நினைச்சுருவாங்களோன்னு. இன்டர்னுக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரியும்ங்க!

ஒரு நோட்டு வைங்க, பேப்பர் நோட்டு. தினமும் மூணு வரி: இன்னிக்கு என்ன செஞ்சேன், எது புரியல, யார் பேரு புதுசா தெரிஞ்சுது.

7. உங்க வேலை யாருக்குப் போய்ச் சேருதுன்னு கண்டுபிடிங்க

இதுதான் நான் எழுத வந்ததே, அதனால கொஞ்சம் நீட்டுவேன்.

எனக்குக் குடுத்தது பிஓடி டெஸ்ட். கழிவுநீர்ல இருக்கற நுண்ணுயிரிங்க அதுல கலந்திருக்கற அழுக்கைத் தின்னறப்ப எவ்வளவு ஆக்சிஜனை காலி பண்ணுதுன்னு பாக்கறது. 300 மில்லி கண்ணாடி பாட்டில்ல சாம்பிளை நீர்க்க வச்சு ஊத்தணும், முதல்ல ஆக்சிஜன் அளவு எடுக்கணும், காத்துக் குமிழி இல்லாம மூடணும், 20 டிகிரி செல்சியஸ்ல இருட்டா இருக்கற இன்குபேட்டர்ல அஞ்சு நாள் வைக்கணும், அப்புறம் மறுபடி அளவு எடுத்தா வித்தியாசம் தெரிஞ்சுரும். பாக்க ஒண்ணுமே இல்ல, தெளிஞ்ச தண்ணி மாதிரிதான் இருக்கும். முதல் வாரம் பூரா நான் பாட்டில்தான் கழுவினேன், மாஸ்டர்ஸ் படிக்க இவ்ளோ தூரம் வந்து பாட்டில் கழுவறோமேன்னு இருந்துச்சு.

அஞ்சு நாள்ங்கறதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. திங்கக்கிழமை போட்டா சனிக்கிழமை ரீடிங் எடுக்கணும், செவ்வாய் போட்டா ஞாயிறு, அதனால வீக்எண்ட்ல ஆளு இல்லாத எங்க லேப்ல புதன், வியாழன், வெள்ளிதான் போடுவாங்க. வெள்ளிக்கிழமை செட் என்னோடது. வெள்ளி போட்டா புதன் எடுக்கணும். அதாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பறப்பவே புதன்கிழமை எனக்கு அங்க ஒரு வேலை காத்துக்கிட்டு இருக்கும், நான் போட்ட எழுத்தோட, என் இனிஷியலோட. இது ஏதோ பெருசு இல்லதான், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா அந்த ஊர்ல எனக்காக எதுவும் காத்துக்கிட்டு இருந்ததில்ல.

ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன், இந்த நம்பர் யாருக்குப் போகுதுன்னு. சுத்திகரிப்பு ஆலைக்குப் போகுதுன்னாங்க. நான் போய்ப் பாக்கலாமான்னேன், தாராளமான்னுட்டாங்க, அடுத்த வாரமே கூட்டிட்டுப் போனாங்க. அங்க இருந்த ஆபரேட்டர் சொன்னது, பிஓடி அஞ்சு நாள் பழைய நம்பர், அன்னன்னிக்கு தொட்டிக்குள்ள காத்து அடிக்கறதைக் கூட்டிக் குறைக்க இது உதவாது, அதுக்கு தொட்டிலயே மீட்டர் இருக்கு, ஆனா ஆத்துல விடற தண்ணி லிமிட்டுக்குள்ள இருக்கான்னு அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் பண்றது இதை வச்சுத்தான்னாரு. அங்க பொதுவான லிமிட் மாச சராசரி லிட்டருக்கு 30 மில்லிகிராம். பேசிக்கிட்டே வந்தவரு நின்னு "அப்ப புதன்கிழமை நம்பர் அனுப்பறது நீதானா"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "கொஞ்சம் மதியத்துக்குள்ள அனுப்பு, எனக்கு ரிப்போர்ட் அடிக்கணும்"னாரு. அன்னிலேர்ந்து பாட்டில் கழுவறது எனக்கு பாட்டில் கழுவறதா தெரியல.

கோட் எழுதறவங்கன்னா அந்த ஸ்கிரீனை யார் திறக்கறாங்கன்னு கேளுங்க, டேட்டா சுத்தம் பண்றவங்கன்னா அந்த ஷீட்டை வச்சு யார் முடிவெடுக்கறாங்கன்னு கேளுங்க, ஆஸ்பத்திரில பைல் அடுக்கறவங்கன்னா அதைத் தேடி யார் வர்றாங்கன்னு பாருங்க. முடிஞ்சா அந்த ஆளை ஒரு தடவையாவது நேர்ல பாருங்க. மேனேஜரே இதை ஏற்பாடு பண்ணுவார்னு காத்திருக்காதீங்க, அவருக்கு அது தோணாது, கேட்டா மாட்டேன்னும் சொல்ல மாட்டாரு.

8. தப்பு பண்ணா

பண்ணுவீங்க. ஒவ்வொரு செட்டுலயும் சாம்பிளே ஊத்தாம வெறும் தண்ணில ஒரு பாட்டில் வைப்போம், பிளாங்க்னு பேரு, அதுல ஆக்சிஜன் குறையறது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு புதன்கிழமை எனக்கு 0.5 வந்துச்சு. ஆடிப்போயிட்டேன். யாரும் பாக்கல, 0.2ன்னு எழுதிட்டாலும் தெரியப் போறதில்ல, அந்த நினைப்பு வந்துச்சுன்னு ஒத்துக்கறேன். பத்து நிமிஷம் அப்படியே நின்னுட்டு அந்த சீனியர் டெக்னீஷியன்கிட்ட போய் சொல்லிட்டேன். அவங்க முகத்துல ஒண்ணும் தெரியல, என்னை சிங்க்குக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பாட்டிலை எடுத்து எத்தனை தடவை அலசறேன்னு காட்டச் சொன்னாங்க, நான் அலசினேன், "இதான்"னாங்க. சோப்போ எதுவோ தங்கியிருக்கு. அந்த செட் ரிசல்ட் மேல குறிப்பு போட்டுத்தான் ஆலைக்குப் போச்சு. அதுக்கு அடுத்த வாரத்துலேர்ந்து அவங்க என் ரீடிங்கை செக் பண்றதை நிறுத்திட்டாங்க, நான் கேக்கவே இல்ல, காரணமும் சொல்லல.

உங்க தப்பை அதே நாள்ல, நீங்களே, ரெண்டே வரில சொல்லிருங்க. சாரியை பத்து தடவை சொல்ல வேண்டாம், அது அவங்களுக்குத்தான் தர்மசங்கடம்.

9. ஆளுங்க

மதியம் எல்லாரும் உக்கார்ற இடத்துல உக்காருங்க, டெஸ்க்லயே சாப்பிடாதீங்க. வாரத்துக்கு ஒரு ஆளுகிட்ட இருபது நிமிஷம் பேசுங்க, "நீங்க இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க"ன்னு கேட்டா போதும், மனுஷங்களுக்குத் தன் கதையைச் சொல்லப் பிடிக்கும். ரிசப்ஷன், ஸ்டோர், க்ளீனிங் ஆளுங்களை விட்டுராதீங்க, எந்தச் சாவி எங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

நம்ம மொழி பேசறவங்களோட மட்டுமே சுத்தாதேன்னு அட்வைஸ் குடுப்பாங்க. பாதிதான் சரி. நாள் பூரா வேற மொழில யோசிச்சு பேசிட்டு வந்தா மூளை வலிக்கும், சாயங்காலம் நம்ம மொழில ஒரு மணி நேரம் வம்பளந்தாதான் மறுநாள் போக முடியும். ரெண்டும் வேணும்.

ரிமோட் இன்டர்ன்ஷிப்னா இதெல்லாம் ரெண்டு மடங்கு கஷ்டம். கேமரா ஆன் பண்ணுங்க, வாரம் ஒரு தடவை வேலை சம்பந்தமில்லாம ஒருத்தர்கிட்ட பேச டைம் கேளுங்க, ரூமை விட்டு லைப்ரரில போய் உக்காந்து வேலை பாருங்க.

10. இன்டர்ன்ஷிப் சரியில்லைன்னா, இல்ல கிடைக்கவே இல்லைன்னா

என்கூட படிச்ச ஒருத்தனுக்கு மூணு மாசமும் வேலையே குடுக்கல, கணக்குக்கு ஒரு ஆளா உக்கார வச்சுட்டாங்க. அவன் மேல தப்பில்ல. அந்த மாதிரி ஆனா நாலாவது வாரத்துக்குள்ள மேனேஜர்கிட்ட போய் "எனக்கு வேலை குடுங்க"ன்னு பொதுவா கேக்காம ஒரு சின்ன விஷயத்தை சுட்டிக்காட்டிக் கேளுங்க, இந்த ரிப்போர்ட்டை இனிமே நான் பாத்துக்கட்டுமா, இந்த பழைய டாக்குமெண்ட்டை நான் சரி பண்ணட்டுமான்னு. யாருக்கும் பிடிக்காத, ஆனா எல்லாருக்கும் தேவைப்படற வேலை ஒண்ணு எல்லா ஆபீஸ்லயும் இருக்கும். அதுக்கும் அசையலைன்னா கரியர் சென்டர்ல சொல்லுங்க. மோசமா நடத்துனா, விசாவைச் சொல்லி மிரட்டுனா, அன்னிக்கே இன்டர்நேஷனல் ஆபீஸுக்குப் போங்க.

கிடைக்கவே இல்லையா, கேம்பஸ்லயே பாருங்க, ப்ரொஃபசர் லேப், லைப்ரரி, ஸ்டூடன்ட் ஹெல்ப் டெஸ்க். எஃப்-1ல டெர்ம் நடக்கறப்ப கேம்பஸுக்குள்ள வாரம் 20 மணி நேரம் வரைக்கும் சிபிடி இல்லாமயே வேலை பாக்கலாம். அங்கயும் அதே கேள்விதான், வரலைன்னா யாராவது தேடுவாங்களா.

ரொம்ப நாளா தூக்கம் இல்ல, எதுலயும் மனசு ஒட்டலைன்னா அது இன்டர்ன்ஷிப்பால சரியாகற விஷயமா இல்லாம இருக்கலாம். பெரும்பாலான யுனிவர்சிட்டில கவுன்சலிங் சென்டர் இருக்கும், போங்க, நான் போனேன்.

11. கடைசி வாரம்

நீங்க செஞ்சதை அடுத்து வர்றவங்களுக்கு ஒரு பக்கத்துல எழுதி வைங்க, எங்க என்ன இருக்கு, எது அடிக்கடி சொதப்பும்னு. நான் பாட்டிலை எத்தனை தடவை அலசணும்னு முதல் வரியா எழுதினேன். ரெகமண்டேஷன் லெட்டரை அங்க இருக்கறப்பவே கேளுங்க, ஆறு மாசம் கழிச்சு கேட்டா அவங்களுக்கு உங்க முகம்தான் ஞாபகம் இருக்கும், வேலை ஞாபகம் இருக்காது. செஞ்ச வேலையோட நம்பர்களை, எத்தனை சாம்பிள், எத்தனை வாரம்னு, குறிச்சுக்கோங்க, ஆனா கம்பெனி ஃபைல் எதையும் உங்க மெயிலுக்கு அனுப்பாதீங்க.

அப்புறம் மறுபடி விசா. ஐ-20ல என்ன தேதி இருக்கோ அதான் கடைசி நாள், அதுக்கு மேல ஒரு மணி நேரம் கூட போய் உதவக் கூடாது, நீட்டிக்கணும்னா முடியறதுக்கு முன்னாடியே டிஎஸ்ஓகிட்ட போகணும். என்னோடது ஒரு வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. அன்னிக்கும் வழக்கம்போல செட் போட்டேன், லேபிள்ல 1ஐ 1 மாதிரி எழுதினேன், இன்குபேட்டரை மூடறப்பதான் தோணிச்சு, இதோட ரீடிங்கை நான் எடுக்க முடியாது. புதன்கிழமை கேம்பஸ் லைப்ரரில உக்காந்திருந்தேன், எதையும் படிக்க முடியல, போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த சீனியர் டெக்னீஷியன்கிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு: "உன் பிளாங்க் 0.1. ஆலைக்கு அனுப்பிட்டேன்."